வினைப்பயனா? பணிப்பயனா?

கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பு, கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் ஐந்நூற்றுவர் அவை கூடியிருந்தது. இரண்டு ஊன்றுகோல்களைப் பற்றியபடி ஓர் எளியவன் அந்த அவையின் முன்னே வந்து நின்றான். உடல் ஊனமுற்று உடைமையும் அற்றவர்களுக்கு, நாளொன்றுக்கு ஓர் ஓபல் என்னும் சிறு நாணயத்தை அந்நகரம் உதவித்தொகையாக அளித்து வந்தது. இவனுக்கு அந்தத் தொகை ஆகாது, இவன் உடல் வலிவு உள்ளவன், குதிரை ஏறுகிறான், செல்வர்களோடு பழகுகிறான் என்று ஒருவன் குற்றம் சாட்டினான். எளியவனுக்காக வாதவுரை எழுதிக் கொடுத்தவர் லிசியாஸ் என்னும் நாவலர். கால் வழங்காத காரணத்தால்தான் இரவல் குதிரை ஏறுகிறேன். பொருள் இருந்தால் சேணமிட்ட கோவேறு கழுதையைச் சொந்தமாகவே வைத்திருக்க மாட்டேனா? மற்றவர் ஒரு கோல் ஊன்ற நான் இரு கோல் ஊன்றுகிறேனே, அதனையும் என் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவீரோ? இந்தக் கருத்துப்படச் செல்கிறது அவ்வுரை. சிரிப்பும் சினமும் கலந்த அந்த வாதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

மறுக்கப்பட்ட உதவித்தொகைக்காக மாற்றுத்திறனாளி ஒருவர் மன்றத்தில் நின்று வாதாடிய மிகப் பழைய வரலாறுகளில் இஃது ஒன்று. ஏதென்ஸ் அடிமைகளை வைத்திருந்த நகரம். பெண்ணுக்கு வாக்கில்லாத நகரம். அதனைப் பொன்னுலகம் என்று புகழ்வதற்கில்லை. எனினும், கால் இழந்தவனைப் பார்த்து, 'நீ போன பிறவியிலே என்ன பாவம் செய்தாய்?' என்று அந்த அவை கேட்கவில்லை. 'உன்னால் உழைக்க முடியுமா, முடியாதா?' என்றுதான் கேட்டது. கேள்வி மண்ணிலே நின்றது, விண்ணுக்குப் பறந்திடவில்லை.

நம் நாட்டிலே கேள்வி எங்கே நின்றது?

மனுவின் நூலைப் புரட்டுங்கள். பதினோராம் அத்தியாயம் ஒரு பட்டியல் தருகிறது. குதிரை திருடியவன் நொண்டியாகப் பிறப்பான். சொல்லைத் திருடியவன் ஊமையாவான். ஆடை திருடியவனுக்குத் தொழுநோய். உடற்குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்பிறவிக் குற்றம்! ஒன்பதாம் அத்தியாயமோ, பிறவிக் குருடர்க்கும் செவிடர்க்கும் ஊமையர்க்கும் சொத்திலே பங்கில்லை, சோறும் துணியும் மட்டுமே உண்டு என்கிறது. முதலில் பழி சுமத்துவது, பிறகு பங்கைப் பறிப்பது, கடைசியிலே ஒரு பிடி சோறு போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது! உடற்குறை உள்ளவன் வழக்காடும் மனிதன் என்ற நிலையிலிருந்து இறங்கி, வாசலில் நிற்கும் இரவலன் ஆனது இப்படித்தான். இந்த விலக்கை 1928 ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் தளர்த்திற்று. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நோயோ ஊனமோ எவருடைய வாரிசுரிமையையும் பறிக்காது என்று முற்றாக விதித்தது. மனுவின் ஒரு வரியை அழிப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் பாதி தேவைப்பட்டது.

நாஞ்சில் நாட்டின் பழைய கதையையும் பார்ப்போம். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு நெற்களஞ்சியமாக இருந்தது. 1750 ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் நாட்டையே பத்மநாபசாமிக்குக் காணிக்கையாக்கி, அந்தத் தெய்வத்தின் தாசனாக நின்று ஆள்வதாக அறிவித்தார். நாடே தெய்வத்தின் உடைமை என்றாகிவிட்ட பிறகு, குடிமகனுக்குக் கிடைப்பதெல்லாம் அருள், கிடைக்காமற் போவதெல்லாம் விதி! ஊட்டுப்புரைகளிலே அரசுச் செலவில் பார்ப்பனருக்கு உணவு படைக்கப்பட்டது. அதற்குத் தகுதி பிறப்பு ஒன்றே. அதே நாட்டில், ஒடுக்கப்பட்ட சாதியார் ஊழியம் என்ற பெயரால் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றி உழைத்தனர். சுமை தூக்கி முதுகு ஒடிந்தவனுக்கு ஊட்டுப்புரையிலே இடமில்லை. 1741 இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற போருக்கு வெற்றித்தூண் நிற்கிறது. அந்தப் போரிலே கை இழந்தவன் யார், கால் இழந்தவன் யார், பிறகு அவன் எப்படிப் பிழைத்தான் என்பதை எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளையன் ஆட்சி வந்தது. கோயில் மணிக்குப் பதிலாகக் கோப்பு வந்தது. ஆனால் கொள்கை மாறியதா? 1871 ஆம் ஆண்டில் பென்ஷன் சட்டம் ஒன்றை அந்த ஆட்சி இயற்றிற்று. அரசு அளிக்கும் பென்ஷன் குறித்த வழக்கை உரிமையியல் நீதிமன்றம் ஏற்கலாகாது என்பது அதன் நான்காம் பிரிவு. கொடுப்பது துரையின் கருணை. மறுத்தால் மன்றம் ஏறக்கூடாது! தெய்வத்தின் அருள் போய்த் துரையின் அருள் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால், அந்தத் துரையின் சொந்த நாட்டிலே கதை வேறு விதமாகத் திரும்பிற்று. முதல் உலகப்போர் இலட்சக்கணக்கான இளைஞர்களைக் கை கால் இழந்தவர்களாக வீடு திருப்பி அனுப்பியது. அவர்கள் இரந்து நிற்க மறுத்தனர். 1919 இல் பென்ஷன் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்கள் அங்கே அமைந்தன. இரண்டாம் போரின் நடுவே, 1943 இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. என் நோய் படைப்பணியால் வந்தது என்று வீரன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. படைப்பணியால் வரவில்லை என்று சொல்லும் அரசே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று சுமை இடம் மாறிற்று. அவ்வழக்குகளை விசாரித்த நீதிபதி டென்னிங், 1947 இல் மில்லர் என்பவரின் வழக்கிலே அந்தச் சுமை எத்துணைப் பெரிது என்பதை வரையறுத்தார். அவ்வழக்கில் வீரனின் மனைவி தோற்றார் என்பதும் உண்மை. தோல்வியும் காரணம் கூறப்பட்ட தோல்வியாக இருந்தது என்பதே அதிலுள்ள பாடம்.

இந்திய அரசியல் சட்டம் வந்த பிறகு நம் நீதிமன்றங்களும் பேசத் தொடங்கின. 1971 இல் தேவகிநந்தன் பிரசாத் என்னும் பீகார் அரசு அலுவலரின் வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற ஆயம், பென்ஷன் அரசின் விருப்பப்படி வழங்கும் வெகுமதி அன்று, அலுவலரின் உடைமை போன்ற உரிமை என்று தீர்த்தது. 1871 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவைச் சாத்தியிருக்கலாம், அதனால் நீதிப்பேராணை கேட்கும் கதவு சாத்தப்பட்டதாகாது என்றும் சொன்னது. நூறாண்டுப் பூட்டு திறந்தது! 1982 டிசம்பர் 17 ஆம் நாள் நகாரா வழக்கின் தீர்ப்பு அதே கொள்கையை மேலும் உறுதிப்படுத்திற்று. ஓய்வூதியர்கள் அந்த நாளை ஆண்டுதோறும் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

உரிமை என்று மன்றம் சொல்லிவிட்டது. அதனாலேயே உரியவன் கைக்கு அது வந்து சேர்ந்ததா?

படைவீரனின் ஊன ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்வோம். விடுதலைக்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படையின் பிரிவுகள் இந்தியத் தரைப்படையில், மதராஸ் ரெஜிமெண்டிலே கலந்தன. ஆகவே இந்த மாவட்டத்து மக்களுக்கு இஃது அயலார் கதை அன்று. 1961 ஆம் ஆண்டின் படை ஓய்வூதிய ஒழுங்குமுறையின் 173 ஆம் விதி இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். அது படைப்பணியால் விளைந்ததாகவோ, பணியால் முற்றியதாகவோ இருக்க வேண்டும். பணியால் விளைந்ததா என்பதைச் சொல்ல வேண்டியது மருத்துவ வாரியம்.

இந்த இடத்திலேதான் பழைய பேய் புதிய சட்டை அணிந்து வருகிறது. வீரனுக்கு வலிப்பு வந்தது, மனநோய் வந்தது, இதயம் நலிந்தது என்றால், இது இவனுடைய உடல்வாகில் ஊறிய கோளாறு, பணியோடு தொடர்பற்றது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ஓய்வூதியம் இல்லை! ஏன் தொடர்பற்றது? காரணம் எழுதப்படுவதில்லை. முற்பிறவி வினை என்றார் மனு. முன்பே உடலில் இருந்தது என்கிறது கோப்பு. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. இரண்டுமே பழியை நொந்தவன் உடலுக்குள்ளே தேடுகின்றன. அவனை நோகச் செய்தது எது என்று வெளியே பார்க்க மறுக்கின்றன.

இந்த வழக்கத்தை நேருக்கு நேர் சந்தித்த வழக்குதான் தரம்வீர் சிங் வழக்கு. அவர் 1985 ஜூனில் படையின் சிக்னல் பிரிவிலே சேர்ந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். வலிப்பு நோய் காரணமாக, 20 விழுக்காட்டு நிலையான ஊனம் என்ற கணிப்போடு 1994 ஏப்ரலில் வெளியேற்றப்பட்டார். பணியோடு தொடர்பில்லை என்று மருத்துவ வாரியம் கூற, ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்த்தார். அரசு விடவில்லை, மேல்முறையீடு செய்தது. 2009 இல் இரு நீதிபதிகள் ஆயம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 2013 ஜூலை 2 ஆம் நாள் நீதிபதிகள் பட்நாயக், முகோபாத்யாயா ஆகியோர் தனி நீதிபதியின் தீர்ப்பையே மீண்டும் நிலைநாட்டினர்.

அந்தத் தீர்ப்பின் தருக்கத்தைப் பகுத்தறிவு இளைஞர்கள் பாடமாகவே படித்தல் வேண்டும். படையிலே சேரும் நாளில் அரசின் மருத்துவர்களே அவனைத் தலை முதல் கால் வரை சோதித்தனர். நோய் இருந்ததாக ஒரு குறிப்பும் எழுதவில்லை. எனவே, சேரும்போது அவன் நலமாக இருந்தான் என்றே கொள்ள வேண்டும். பின்னாளில் நலிவு கண்டால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்வது அரசானால், மெய்ப்பிக்கும் சுமையும் அரசுடையதே. சேரும்போது கண்டுபிடிக்க முடியாத நோய் என்று வாரியம் கருதினால், அதற்கும் காரணம் எழுத வேண்டும். ஐயம் எழுந்தால், ஐயத்தின் பயன் வீரனுக்கே. 1982 ஆம் ஆண்டின் விதிகளிலேயே இவை இருந்தன. விதியை எழுதிய அரசுக்கே அதனைப் படித்துக்காட்ட உச்சநீதிமன்றம் தேவைப்பட்டது!

'ஆதாரம் எங்கே என்று எதற்கெடுத்தாலும் கேட்பவர்கள் நீங்கள். இங்கே மட்டும் ஆதாரமின்றிக் கொடு என்கிறீர்களே?' என்று சிலர் நம்மை மடக்கப் பார்ப்பர். மடக்கட்டும், விடை எளிது. ஆதாரம் கேட்பதுதான் பகுத்தறிவு. ஆனால் யாரைக் கேட்பது? ஒன்றை உண்டு என்று சாதிப்பவனைத்தான் கேட்க வேண்டும். 'இந்த நோய் இவன் உடலில் முன்பே ஒளிந்திருந்தது' என்று சாதிப்பவர் யார்? அரசு. சோதனைக் குறிப்பு யார் கையில் இருக்கிறது? அரசின் கையில். பனிமலையிலும் பாலைவனத்திலும் அவனை நிறுத்திய ஆணைகள் யார் பெட்டியில் உள்ளன? அரசின் பெட்டியில். பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்து 'ஆதாரம் கொண்டுவா' என்பது பகுத்தறிவாகுமா?

நீதிமன்றமும் எப்போதும் ஒரே நெறியில் நின்றதாகச் சொல்வதற்கில்லை. 2009 இல் தாமோதரன் என்பவரின் வழக்கில், மருத்துவ வாரியத்தின் கருத்துக்கே முதன்மை தர வேண்டும் என்று அதே உச்சநீதிமன்றம் தீர்த்தது. மருத்துவர் அறிவுக்கு மதிப்புத் தருதல் முறையே. ஆனால் அறிவு என்பது காரணம் காட்டுவது. காரணம் காட்டாத அறிவு அதிகாரம் மட்டுமே. 2025 மே மாதம் ராஜூமோன் என்பவரின் வழக்கில், காரணம் கூறாத மருத்துவ வாரியக் கருத்தைக் கொண்டு ஊன ஓய்வூதியத்தை மறுத்தல் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தெளிவாக்கிற்று. 2013 இன் ஒளி இன்னும் அணையவில்லை என்பதற்கு இது சான்று. 2025 ஆம் ஆண்டிலும் இதனைச் சொல்ல வேண்டியிருந்ததே என்பது வேறொன்றுக்குச் சான்று.

வென்றவன் கையிலும் காலம் மிஞ்சுகிறதா? 1994 இல் மறுத்தது 2013 இல் கிடைத்தது; இடையிலே 19 ஆண்டுகள். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே உழைப்பாளருக்கான ஊனக் காப்பீடு 1956 ஆகஸ்டில் சட்டமாயிற்று. மறுக்கப்பட்டவர் நடுவண் நீதிமன்றத்திலே முறையிட வழியும் உண்டு. ஆயினும், எல்ட்ரிட்ஜ் என்பவரின் வழக்கில் 1976 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், தொகையை முதலில் நிறுத்திவிட்டு நேர்முக விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தீர்த்தது. அதற்குள் அவர் வீடு கடனுக்குப் போய்விட்டதை மாறுபட்ட நீதிபதி சுட்டிக்காட்டினார். பிறகு வரும் நீதி, போன வீட்டைக் கட்டித் தருமா?

காலத்தைப் போலவே தொலைவும் ஒரு மறுப்புத்தான். நாஞ்சில் நாட்டார் இதனை நன்கு அறிவர். திருவிதாங்கூர் ஆட்சியில் உயர்நீதிமன்றம் திருவனந்தபுரத்தில் இருந்தது. 1954 ஆகஸ்டு 11 இல் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டி, வழக்கறிஞர் நேசமணி முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக, 1956 நவம்பர் 1 இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. மொழியால் வீடு வந்தோம். ஆனால் உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பாற் சென்றது. சென்னைக்கு ஒரு முறை போய்வரும் செலவுக்கே ஓர் ஏழையின் மாத வருவாய் கரையும். 2004 ஜூலை 24 இல் மதுரையிலே உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்ட பிறகே அந்தத் தொலைவு குறைந்தது. பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கு இந்தக் கிலோமீட்டர்க் கணக்கு வெறும் கணக்கன்று. வழக்குத் தொடுப்பதா, வாய் மூடிக் கிடப்பதா என்ற தீர்ப்பு அது.

படைவீரர்க்கோ கதவு ஒருமுறை திறந்து, ஒருமுறை சாத்தி, மறுபடி திறந்தது. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இயங்கலாயிற்று. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. 2015 இல் உச்சநீதிமன்றம், தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தை அணுகும் வழியை ஏறத்தாழ அடைத்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் தரம்வீர் சிங் தீர்ப்பைத் தந்த நீதிபதி முகோபாத்யாயாதான்! ஒரு கையால் உரிமையை நீட்டியவரே மறு கையால் படிக்கட்டை எடுத்தார். 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கின் தீர்ப்பு அந்தப் படிக்கட்டைத் திரும்ப வைத்தது. தனி மனிதரின் நல்லெண்ணத்தை நம்பி உரிமையை விட்டுவைக்கலாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

படையை விட்டுப் பொதுப்பணிக்கு வந்தாலும் இதே போராட்டம். குணால் சிங் என்னும் காவலர் பணியின்போது காயமுற்று இடது காலை இழந்தார். தகுதியற்றவர் என்று 1998 இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கலாகாது, அவருக்கு ஏற்ற வேறு பணி தரவேண்டும் என்கிற 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47 ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, 2003 இல் உச்சநீதிமன்றம் அவருக்கு நீதி வழங்கிற்று. 2016 ஆம் ஆண்டின் புதிய சட்டம் இந்த உரிமைகளை மேலும் விரித்தது. தமிழகத்திலே, ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியத் திட்டம் 1974 இல், கலைஞர் ஆட்சியிலே பிறந்தது. 2010 இல் அவரே 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி, 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசின் நாவிலே ஏற்றினார், தனித்துறையும் கண்டார். சொல் மாறினால் சோறு வருமா என்று எள்ளுவோர் உண்டு. சொல் மாறினால் பார்வை மாறும். பார்வை மாறினால் மனு கொடுப்பவன் நிமிர்ந்து நிற்பான். நிமிர்ந்து நிற்பவனுக்கு ஒற்றை வரி மறுப்பை எழுத எந்தப் பேனாவும் சற்றுத் தயங்கும்.

குமரி முனையில் 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது என்னும் கருத்தை அவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வைத்தார். பொறி என்றால் விதி என்று பரிமேலழகர் பொருள் கண்டார்; உடல் உறுப்பு என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. எந்தப் பொருளைக் கொண்டாலும், குறையைப் பழியாக்காதே என்பது மாறவில்லை. சிலையைக் காண வருவோர் ஆயிரம் ஆயிரம். கருத்தைக் காண்போர் எத்தனை பேர்?

இளைஞர்களே! மேடையிலே விதியை மறுப்பது எளிது. மறுப்புக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, 'எல்லாம் என் தலையெழுத்து' என்று திண்ணையிலே சாய்ந்திருக்கும் ஒருவரிடம் சென்று, 'ஐயா, இது தலையெழுத்தன்று. ஓர் எழுத்தரின் கையெழுத்து. கையெழுத்தை மன்றத்திலே மாற்றலாம்' என்று சொல்வதுதான் கடினம், அதுதான் தேவை. அந்தக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ வாரியக் குறிப்புகளை 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிக்கு, அவருடைய வருமானம் எவ்வளவாயினும், கட்டணமில்லாச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தந்திருக்கிறது. இதனை அவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்குரிய நாள் கழியுமுன் உடன் நடந்து செல்லுங்கள். எல்லாக் கோரிக்கையும் வெல்லும் என்று பொய்யுறுதி தரவேண்டாம். எல்லா மறுப்புக்கும் காரணம் கேட்கலாம் என்ற மெய்யுறுதியைத் தாருங்கள், அது போதும்.

ஏதென்ஸ் நகரத்து எளியவனுக்கு லிசியாஸ் கிடைத்தார். தோவாளையிலும் விளவங்கோட்டிலும் திண்ணையிலே சாய்ந்திருப்பவருக்கு வாதவுரை எழுதப் போகிறவர் யார்? எழுதப் படிக்கத் தெரிந்த நம்மையன்றி வேறு யாரை எதிர்பார்ப்பது?